டவர் போன பிறகு யாரிடம் பேசுவது? ஹாம் ரேடியோ கேள்வி பதில்

2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் வந்த வெள்ளத்துக்குப் பிறகு என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் மாடியில் கட்டியிருக்கும் கம்பியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அது ஹாம் ரேடியோவுக்கான ஆன்டெனா. லைசென்ஸ் வாங்கிய தனிநபர்கள் டவர் இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ளும் ரேடியோ இது; அப்படிப் பேசுகிறவர்களையும் ஹாம் என்பார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சி, எங்கள் ஊர் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸே மாட்டி நின்றது. போன் ஏன் ஒட்டுமொத்தமாகச் செத்தது? (ஸ்ரீவைகுண்டம்)

டவருக்குக் கரண்டு வேண்டும். அது போனால் பேட்டரி சில மணி நேரம், அப்புறம் ஜெனரேட்டர். அதற்கு டீசல் கொண்டுபோக ரோடு வேண்டும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டினால் ரோடு எங்கே இருக்கும்? டவர் உயிரோடு நின்றாலும், அதற்கு வரும் ஃபைபர் கேபிள் பாலத்தோடு போய்விட்டால் வெறும் இரும்புதான். எங்களுக்கு இந்த இடைத்தரகர் யாரும் வேண்டாம். இங்கே ஒரு செட், பேட்டரி, கம்பி; அந்தப் பக்கமும் அதே.

ஒரு ஹேண்டி (கையடக்க ரேடியோ) வாங்கினால் பாளையங்கோட்டைக்குப் பேசலாமா? (காரையாறு)

உங்கள் இடத்திலிருந்து கஷ்டம். ஹேண்டி வேலை செய்யும் 144 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். மலை குறுக்கே நின்றால் அதோடு சரி. உயரத்தில் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) இருந்து, அதற்கும் கரண்டு இருந்தால் பேசலாம். மலைக்குள் இருப்பவர்களுக்கு 7 மெகாஹெர்ட்ஸ்தான் கைகொடுக்கும். சுமார் 20 மீட்டர் கம்பியை நடுவில் பிரித்து, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் கட்டினால் போதும். அலை செங்குத்தாக மேலே போய், வானத்தில் உயரே இருக்கும் மின்னேற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். மலையைத் தாண்டுவதில்லை, மலைக்கு மேலே போய் வருகிறது! ராத்திரி இது சரியாக எடுக்காது. அப்போது 80 மீட்டர் பேண்டுக்கு, அதாவது சுமார் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். கம்பியும் இரண்டு மடங்கு நீளம்.

லைசென்ஸ் இல்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? ஆபத்துக்குப் பாவமில்லையே. (திசையன்விளை)

கூடாது தம்பி. 12 வயது நிறைந்தால் பரீட்சை எழுதலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்துகிறது. பள்ளிக்கூட இயற்பியலோடு விதிமுறையும் படித்தால் தேறிவிடலாம். வெள்ளத்தன்றுதான் முதன்முதலாக மைக்கைப் பிடிக்கிறவர், உதவி கேட்கிறவரின் குரல்மேல் ஏறிப் பேசிவிடுவார். பாவம் அங்கேதான் வரும்.

அந்த நேரத்தில் நீங்கள் உண்மையில் என்ன செய்வீர்கள்? (அம்பாசமுத்திரம்)

பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு கேட்போம். ஒரே அலைவரிசையில் எல்லோரும் சேர்ந்திருப்பதை நெட் என்போம்; ஒருவர் அதை நடத்துவார். அவர் கூப்பிட்டால்தான் மற்றவர் பேசலாம். செய்தியைக் காகிதத்தில் எழுதி, நேரம் போட்டு, திருப்பி வாசித்துக்காட்ட வேண்டும். "பெருமாள் கோயில் தெருவில் ஆறு பேர்" என்றால் எந்த ஊர் பெருமாள்? இரைச்சலுக்குள் மேலநத்தமும் கீழநத்தமும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இன்னொரு அடையாளமும் கேட்போம். "மருந்து வேண்டும்" என்பது செய்தி ஆகாது; எந்த மருந்து, எத்தனை பேருக்கு, எப்போதைக்குள் என்பதுதான் செய்தி. படகு அனுப்புவது எங்கள் வேலை இல்லை. அனுப்புகிறவர் கையில் சரியான சீட்டைக் கொடுப்பதே வேலை.

பெரிய பேரிடரில் இது உதவியிருக்கிறதா?

2004 சுனாமி. உலக ஹாம்களோடு பேசவென்று அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத், போர்ட் பிளேரிலிருந்து நாள் கணக்கில் தீவுச் செய்திகளை வெளியே சேர்த்தார்.

பேட்டரி எவ்வளவு தாங்கும்?

100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியர் பக்கம் இழுக்கும், கேட்கும்போது ஒன்றிரண்டுதான். அதனால் சுருக்கமாகப் பேசினால் கார் பேட்டரியில் ஒரு நாளை ஓட்டலாம். இதை ஊருக்கெல்லாம் சொல்கிற நான், அந்த டிசம்பரில் என் பேட்டரிக்கு ஆறு மாதமாக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் விட்டிருந்தேன். கரண்டு போன அரை மணி நேரத்தில் செட் அணைந்தது. அடுத்த தெருவில் ஒருவர் இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றி, இடுப்பளவு தண்ணீரில் தலையில் சுமந்து கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. போன மாதம் பரீட்சைக்குப் புத்தகம் வாங்கிப் போயிருக்கிறார்.