தொழில்நுட்ப வேலையிலிருந்து கதை எழுத வருபவர்களுக்கு: கேள்வி பதில்

தொழிற்சாலைப் பராமரிப்புப் பொறியாளராக இருந்தபடியே எழுத ஆரம்பித்தேன். இப்போது எழுத்துதான் முழுநேர வேலை. இந்தப் பாதையில் வர நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். வேலையை விட்டால்தான் நாவலை முடிக்க முடியும் போலிருக்கிறது. விட்டுவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த காலத்திலேயே தொடர்கதைகளாக எழுதிக் குவித்தார். இத்தாலிய எழுத்தாளர் பிரைமோ லெவி பெயின்ட் தொழிற்சாலையில் வேதியியலாளராகப் பல வருடங்கள் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1975இல் வந்த அவருடைய ஒரு நூலில் 21 அத்தியாயங்களுக்கும் தனிமங்களின் பெயர்கள்தான். அந்த வேலை இல்லாமல் அப்படி ஒரு புத்தகம் வந்திருக்காது. மறுபக்கம் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி. ராணுவப் பொறியாளர் வேலையை 1844இல் உதறினார், 1846இல் முதல் நாவல் வந்தது, பெயரும் கிடைத்தது. ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதி கடனோடுதான் கழிந்தது.

மாதச் செலவை உங்கள் கதை சுமக்க வேண்டி வந்தால், உங்களுக்கென்று ஒரு நடை அமைவதற்கு முன்பே விலைபோவதை எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். வேலையில் இருந்துகொண்டே ஒரு நாவலின் முதல் வரைவை முடியுங்கள். அதன்பிறகு இதே கேள்வியைக் கேட்டால் வேறு மாதிரி பேசலாம்.

கேள்வி: என் கதைகளைப் படித்தவர்கள் எல்லோரும் 'ரிப்போர்ட் படிக்கிற மாதிரி இருக்கிறது' என்கிறார்கள். எங்கே தப்பு?

நம்மில் பலருக்கும் இதே சிக்கல்தான். ரிப்போர்ட்டில் முடிவை முதலில் சொல்லிப் பழகியிருக்கிறோம். படிப்பவருக்கு ஒரு சந்தேகமும் மிஞ்சக் கூடாது. கதையிலோ அந்தச் சந்தேகம்தான் அவரை அடுத்த வரிக்கு இழுக்கிறது.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். 'குளிர்விப்பு பம்ப் பழுதானதால் இரவு ஷிஃப்டில் உற்பத்தி 2 மணி நேரம் தடைபட்டது.' தகவல் முழுதாக இருக்கிறது, மனிதர்தான் இல்லை. பம்ப் திடீரென்று நிற்பது குறைவு. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய ஆரம்பித்தால் பெரும்பாலும் முன்கூட்டியே சத்தம் மாறும், அதிர்வு கூடும். அப்படியானால் யாரோ கேட்டிருக்க வேண்டும் அல்லவா? இப்படி எழுதிப் பார்க்கலாம்:

'பம்பின் கரகரப்பைச் செல்வம் திங்கட்கிழமையே கேட்டுவிட்டார். லாக் புக்கைத் திறந்தார். புதன்கிழமை லீவு கேட்டிருந்தார். எழுதினால் அது போய்விடும். மூடி வைத்தார்.'

எதற்கு லீவு என்று நான் சொல்லவில்லை. நீங்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டீர்கள், எனக்கு அது போதும். இயந்திரம் ஏன் கெட்டது என்று தேடிப்போகும் அதே பழக்கத்தை மனிதர்கள் பக்கம் திருப்புங்கள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை, யாருக்குப் பயந்தார், யாரைக் காப்பாற்றினார். வெளியிலிருந்து வரும் எழுத்தாளருக்கு இல்லாத சொத்து இது.

அப்புறம், 'கண்டறியப்பட்டது', 'மேற்கொள்ளப்பட்டது' எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, அதைச் செய்த ஆளை வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள். பாதி ரிப்போர்ட் வாடை அதிலேயே போய்விடும்.

கேள்வி: தொழில்நுட்ப விவரம் எவ்வளவு போடலாம்?

பாத்திரத்துக்கு அந்த நேரத்தில் எது முக்கியமோ, அவ்வளவு. இரண்டு பொறியாளர்கள், இருவருக்குமே தெரிந்த ஒன்றை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ள மாட்டார்கள். அப்படி ஒரு உரையாடல் வந்த உடனே கதை பொய்யாகிவிடும். ஆண்டி வியர் என்ற மென்பொருள்காரர் செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவனைப் பற்றிய நாவலைத் தன் இணையதளத்தில் தொடராகப் போட்டார். பக்கத்துக்குப் பக்கம் கணக்குதான், ஆனாலும் அலுக்காது. கணக்குத் தப்பினால் அவன் செத்துப்போவான்.

கேள்வி: முழுத் திட்டம் போட்டுவிட்டு எழுதலாமா?

போடுங்கள். பாத்திரம் திட்டத்தை மீறினால் திட்டத்தை மாற்றுங்கள்.

கேள்வி: மேடம், அலுவலகத்தில் நடந்ததைக் கதையாக்கினால் பிரச்சினை வருமா?

வரலாம். முதலில் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ரகசியக் காப்பு, வெளிவேலை, அறிவுசார் சொத்து என்ற மூன்று பிரிவுகளையும் பாருங்கள், புரியாவிட்டால் வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். வாடிக்கையாளர் விவரம், வெளிவராத தயாரிப்பு எதுவும் கதைக்குள் வரக் கூடாது. ஆட்களைப் பொறுத்தவரை, பெயரை மட்டும் மாற்றினால் போதாது. பதவி, வயது, பேச்சு எல்லாம் மாற வேண்டும். மாற்ற மாற்ற அந்தப் பாத்திரம் உங்களுடையதாகிவிடும், எனக்கு இது சட்டத்தைவிடப் பெரிய காரணம்.

கேள்வி: எழுதியதைக் காட்டினால் எல்லோரும் 'நல்லா இருக்கு' என்றே சொல்கிறார்கள். உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது?

நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் கதையை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எதை விட்டுவிடுகிறார்களோ, அது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் துறைக்கு வெளியே உள்ளவர்களாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேர் ஒரே பத்தியில் நின்றுவிட்டால் அங்கே நிச்சயம் கோளாறு இருக்கிறது. அதைச் சரிசெய்ய அவர்கள் சொல்லும் வழியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.