மின் பொறியியல் மகளுக்கு ஒத்துவருமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் ட்ரிபிள் ஈ (மின் மற்றும் மின்னணுப் பொறியியல்) படிக்க விரும்புகிறாள். உறவினர்களோ, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். மின்துறை பெண்களுக்கு ஒத்துவருமா?
– வாசகி, ஈரோடு.

பதில்: கம்பத்தில் ஏறும் வேலை என்று உறவினர்கள் எண்ணியிருந்தால், அது பொறியாளரின் வேலையன்று என்று சொல்லிவிடுங்கள். இத்துறையின் அடிப்படை கணிதமே. மாறுதிசை மின்னோட்டத்தைப் புரிந்துகொள்ளக் கலப்பெண்களும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வேண்டும். ஆகவே பிளஸ் டூ கணிதத்தை மனப்பாடம் செய்து கடந்தவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே திணறுவார்கள்.

வேலையின் தன்மை இப்போது பெரிதும் மாறியிருக்கிறது. காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் காற்று திடீரென ஓய்ந்தாலும், கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தின் மேல் மேகம் கவிந்தாலும், மின்கட்டமைப்பின் அதிர்வெண், அதாவது மாறுதிசை மின்னோட்டம் ஒரு நொடியில் சுழலும் தடவை, 50 ஹெர்ட்ஸை ஒட்டியே நிற்க வேண்டும். அதற்கான கணக்கீடும் கட்டுப்பாடும் மின்னணுவியலும் மென்பொருளும் தெரிந்தவர்களுக்கு இனி தேவை கூடும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்திசை மின்னழுத்தத்தில் 6,000 மெகாவாட் வரை கொண்டுவரும் தடம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் முடிகிறது.

தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறையைவிடப் பல இடங்களில் குறைவு என்பதை மறைப்பதற்கில்லை. பொதுத்துறை நிறுவனங்களில் சேர, பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசிய அளவிலான கேட் தேர்வு பெரிதும் உதவும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, கட்டடத்தைப் பார்க்காமல், மின் இயந்திர ஆய்வகத்தில் மாணவர்களே இணைப்புக் கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள்.