ஹார்ட் டிஸ்க் ஓடும்போது கேபினட் விளக்கு மின்ன: கேள்வி பதில்

கேபினட் முகப்பில் டிஸ்க் வேலை செய்யும்போது மினுக்கும் சின்ன விளக்கு எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஒட்டிய எல்.இ.டி. ஸ்ட்ரிப் முழுவதும் அதே தாளத்தில் மினுக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இந்தப் பதில்கள்.

கேள்வி: அண்ணா, மதர்போர்டில் ஹார்ட் டிஸ்க் எல்.இ.டி. பின்னிலிருந்து ஒயர் எடுத்து நேரே ஸ்ட்ரிப்புக்குக் கொடுத்தால் போதாதா?

வேண்டாம் தம்பி, போர்டு போய்விடும். அந்த இரண்டு பின்னில் பிளஸ் பின் எப்போதும் 5 வோல்ட்டில்தான் இருக்கும், நடுவில் போர்டிலேயே ஒரு ரெசிஸ்டர் உண்டு. டிஸ்க் வேலை செய்யும் கணத்தில் மைனஸ் பின் கிரவுண்டுக்கு இழுக்கப்படும். அப்போது ஓடுவது சில மில்லி ஆம்பியர் கரண்ட், ஒற்றை எல்.இ.டி.க்கு மட்டுமே போதுமானது. ஸ்ட்ரிப்போ 12 வோல்ட் சாமான். மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள 5050 ரக ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ள) ஸ்ட்ரிப் முழு வெள்ளையில் 1.2 ஆம்பியர் வரை இழுக்கும். அதைக் கொண்டுபோய் மைனஸ் பின்னில் கட்டினால் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காத இடத்தில் 12 வோல்ட் ஏறும். பின்னிலிருந்து சிக்னலை மட்டும் வாங்குங்கள். கரண்ட் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து, அதாவது கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்து வரட்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

கேள்வி: சரி சார், அப்படியானால் சர்க்யூட்டை முழுசாகச் சொல்லுங்கள். எனக்கு சால்டரிங் தெரியும், டிசைன் தெரியாது.

முக்கியமான பாகங்கள் இரண்டுதான்: பிசி 817 என்ற ஆப்டோகப்ளர், ஐ.ஆர்.எஃப்.இசட் 44 என் என்ற மாஸ்ஃபெட், அதாவது கேட் காலில் வோல்ட் வந்தால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச். இரண்டும் சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண சரக்கு.

ஆப்டோகப்ளருக்குள் ஒரு குட்டி எல்.இ.டி.யும், அதன் ஒளி பட்டால் திறக்கும் ட்ரான்ஸிஸ்டரும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஒயர் தொடர்பே கிடையாது, சேதி ஒளியாகத்தான் கடக்கிறது. அதனால் 12 வோல்ட் பக்கம் நாம் என்ன தப்பு செய்தாலும் போர்டைத் தொடாது. ட்ரான்ஸிஸ்டர் மட்டும் வைத்துச் செய்யும் சர்க்யூட்டும் உண்டு. ஆனால் இந்தக் காப்புக்காக நான் எல்லோருக்கும் ஆப்டோதான் சொல்வேன்.

சிப்பின் ஒரு மூலையில் சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் 1ஆம் கால். 1 போர்டின் பிளஸ் பின்னுக்கு, 2 மைனஸ் பின்னுக்கு. ரெசிஸ்டர் போர்டிலேயே இருப்பதால் இங்கே தனியாக வேண்டாம். மாற்றிக் கொடுத்துவிட்டாலும் பயப்படாதீர்கள், இது 6 வோல்ட் வரை தலைகீழாகத் தாங்கும். எரியவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள்.

4ஆம் காலை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் 4 பின் மோலெக்ஸ் கனெக்டரின் மஞ்சள் ஒயருக்குக் கொடுங்கள், அதுதான் 12 வோல்ட். 3ஆம் கால் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு. கேட்டிலிருந்து கறுப்பு ஒயருக்கு, அதாவது கிரவுண்டுக்கு, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் அதற்கு இணையாக 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போடுங்கள். மாஸ்ஃபெட்டின் எழுத்து உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் கால்கள் இடமிருந்து கேட், ட்ரெய்ன், சோர்ஸ். சோர்ஸ் கறுப்புக்கு, ட்ரெய்ன் ஸ்ட்ரிப்பின் மைனஸுக்கு. ஸ்ட்ரிப்பின் பிளஸ் மஞ்சளுக்கு.

அந்தக் கெப்பாசிட்டரை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். டிஸ்க் துடிப்பு பல சமயம் சில மில்லி செகண்ட்தான், எஸ்.எஸ்.டி.யில் அதைவிடக் குறைவு. ஸ்ட்ரிப் எரிந்ததே கண்ணுக்குத் தெரியாது. துடிப்பு வந்ததும் கெப்பாசிட்டர் சட்டென்று நிரம்பும், பிறகு 100 கிலோ ஓம் வழியாக மெதுவாக வடியும். விளக்கு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நின்று அணையும்.

இன்னொன்று, மஞ்சள் ஒயரில் ஃபியூஸ் கட்டாயம் வையுங்கள், அரை மீட்டர் ஸ்ட்ரிப்புக்கு 1 ஆம்பியர் போதும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 12 வோல்ட் லைன் பல ஆம்பியர் தரக்கூடியது. மெல்லிய ஒயர் ஷார்ட் ஆனால் எஸ்.எம்.பி.எஸ். கட் ஆவதற்கு முன் ஒயர் பற்றிக்கொள்ளும். எஸ்.எம்.பி.எஸ். ஒயரை வெட்டாமல் ஒரு மோலெக்ஸ் எக்ஸ்டென்ஷன் வாங்கி அதை வெட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கவே கூடாது.

கேள்வி: முகப்பில் இருக்கும் பழைய விளக்கும் மினுக்க வேண்டுமே?

ஆப்டோவின் உள்ளீட்டோடு அதை சீரிஸில் கட்டலாம். சிவப்பு என்றால் அதற்கு ஏறக்குறைய 2 வோல்ட், ஆப்டோவுக்கு 1.2 வோல்ட், 5 வோல்ட்டில் இன்னும் மிச்சம் இருக்கும். நீலமோ வெள்ளையோ என்றால் அதுவே 3 வோல்ட் கேட்கும், ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இரண்டும் மங்கிவிடும். நீல விளக்கைக் கழற்றிச் சிவப்பைப் போடுவதே நல்லது.

கேள்வி: எல்லாம் கட்டிவிட்டேன் அண்ணா, ஆனால் ஸ்ட்ரிப் அணையவே மாட்டேன் என்கிறது.

போர்டு பின்னிலிருந்து ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் கோளாறு உங்கள் சர்க்யூட்டில். கேட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 100 கிலோ ஓம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கும். கழற்றியதும் அணைந்தால் சர்க்யூட் நன்றாகவே இருக்கிறது, டிஸ்க்தான் ஓய்வில்லாமல் ஓடுகிறது. ரேம் 4 ஜிபிதானா? பிரவுசரில் நிறைய டேப் திறந்திருக்கிறதா? ரேம் போதாமல் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பத்தியைப் பாருங்கள். இப்படி ஒரு விளக்கு பெரிதாக எரிவதில் எனக்குப் பிடித்ததே இதுதான், மெஷின் திணறுவது அறையின் மறுமூலையிலிருந்தே தெரியும்.

கேள்வி: யாரும் எதுவும் செய்யாதபோதும் நொடிக்கு ஒரு தடவை மினுக்குகிறது.

டிவிடி டிரைவ் இருக்கிறதா? புதிதாக டிவிடி போட்டிருக்கிறார்களா என்று சிஸ்டம் அதை அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்கும். அதன் சாட்டா கேபிளைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் அதுதான்.

கேள்வி: என் மெஷினில் என்விஎம்இ மட்டும்தான் சார். ஒரு மினுக்கலும் இல்லை.

என்விஎம்இ எஸ்.எஸ்.டி. மாட்டும் எம்.2 ஸ்லாட்டின் 10ஆம் பின் இந்த வேலைக்காகவே உள்ளது. ஆனால் எல்லா போர்டிலும் அதை முகப்பு விளக்கு வரை இழுத்துக் கொடுப்பதில்லை, எல்லா டிரைவும் அதை இயக்குவதும் இல்லை. அதனால் சாஃப்ட்வேர் வழியாகப் போங்கள். லினக்ஸில் சிஸ் கோப்பகத்துக்குள் பிளாக் என்ற இடத்தில் (/sys/block) ஒவ்வொரு டிரைவுக்கும் ஸ்டாட் என்றொரு கோப்பு உண்டு. அதில் முதல் எண் முடிந்த படிப்புகள், ஐந்தாவது எண் முடிந்த எழுத்துகள். நொடிக்கு 20 தடவை அதைப் படித்து, எண் ஏறியிருந்தால் யுஎஸ்பியில் மாட்டிய ஆர்டுயினோ நானோ என்ற குட்டி புரோகிராம் போர்டுக்கு ஒரு பைட் அனுப்புங்கள். நானோவின் பின்னிலிருந்து 470 ஓம் வழியாக அதே ஆப்டோவின் 1ஆம் கால், 2ஆம் கால் நானோவின் கிரவுண்டுக்கு. மற்றதெல்லாம் மேலே சொன்னபடியே. விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் கவுன்ட்டரிலிருந்து இதே எண்ணிக்கையை எடுக்கலாம்.

கேள்வி: 3 பின் ஏ-ஆர்ஜிபி ஸ்ட்ரிப்புக்கும் இதே சர்க்யூட்டா?

இல்லை. அது 5 வோல்ட், 12 வோல்ட் கொடுத்தால் மொத்தமும் கருகும். ஒவ்வொரு எல்.இ.டி.க்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது, டேட்டா லைனில் நிறம் சொல்லி அனுப்பினால்தான் எரியும். பவரை வெட்டி வெட்டிக் கொடுத்தால் நிறத்தை மறந்து இருட்டாகவே நிற்கும். ஆப்டோவின் வெளியீட்டை நானோவுக்கு உள்ளீடாகக் கொடுத்து, நிறத்தை நானோ அனுப்பட்டும். ஒரு எல்.இ.டி. முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், ஆகவே பவரை நானோவிலிருந்து எடுக்காமல் மோலெக்ஸின் சிவப்பு ஒயரிலிருந்து ஃபியூஸ் வைத்து எடுங்கள். கிரவுண்டு பொதுவாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, என் மகன் இதைச் செய்து தரச் சொல்கிறான். அவனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது. பரவாயில்லையா?

செய்யாதீர்கள் அம்மா. நொடிக்கு 3 முதல் 30 தடவை வரை மின்னும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. டிஸ்க் துடிப்பு அந்த வேகத்தில் தாராளமாக வரும், இருட்டறையில் பெரிய ஸ்ட்ரிப் என்றால் இன்னும் மோசம். முதலில் அவனுடைய மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை மினுக்காமல் ஒரே சீராக எரியும் ஸ்ட்ரிப் போட்டுக் கொடுங்கள், அதுவும் பார்க்க அழகாகவே இருக்கும்.

கேள்வி: சும்மா இருக்கும்போது நீலம், டிஸ்க் ஓடும்போது நிறம் மாற வேண்டும். முடியுமா அண்ணா?

முடியும், இரண்டாவது ஸ்ட்ரிப்கூட வேண்டாம். 4 பின் ஆர்ஜிபி ஸ்ட்ரிப்பில் 12 வோல்ட் மூன்று நிறத்துக்கும் பொது, ஒவ்வொரு நிறத்துக்கும் மைனஸ் தனி. 12 வோல்ட், பச்சை, நீலம் மூன்றையும் வழக்கம்போல் போர்டின் ஆர்ஜிபி ஹெட்டரில் மாட்டுங்கள். சிவப்பு ஒயரை மட்டும் பிரித்து நம் மாஸ்ஃபெட்டின் ட்ரெய்னுக்குக் கொடுங்கள். போர்டு சாஃப்ட்வேரில் நீலத்தை வைத்துவிட்டால், டிஸ்க் ஓடும்போதெல்லாம் சிவப்பு கலந்து கத்தரிப்பூ நிறம் அடிக்கும். ஹெட்டர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று போர்டு கையேட்டில் பார்த்த பிறகு மாட்டுங்கள்.