ஆயத்த வரைபடத்துக்கு மாநகராட்சி அனுமதி கிடைக்குமா?

கேள்வி: கொளத்தூரில் எங்களுக்கு 30க்கு 40 அடி மனை இருக்கிறது. இணையத்தில் ஓர் ஆயத்த வீட்டு வரைபடத்தை விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம். தரைத்தளமும் முதல் தளமும் சேர்ந்து 1,700 சதுர அடி. இதே வரைபடத்தில் பலர் வீடு கட்டியிருப்பதால் அனுமதி கிடைப்பதில் சிக்கல் இருக்காது என்று விற்றவர் சொல்கிறார். மாநகராட்சி இதை அப்படியே ஏற்குமா?
— வாசகி, கொளத்தூர்

பதில்: அப்படியே ஏற்காது. ஆனால் தாங்கள் கொடுத்த பணம் வீண் என்றும் கவலைப்பட வேண்டாம். கட்டட அனுமதி என்பது வீட்டின் வரைபடத்துக்கு மட்டும் தரப்படுவதன்று. குறிப்பிட்ட சர்வே எண்ணில், குறிப்பிட்ட அகலமுள்ள தெருவை ஒட்டிய மனையில், அந்த வீடு எந்த இடத்தில் அமைகிறது என்பதற்குத் தரப்படுவது. வேறொருவர் இதே வரைபடத்துக்கு அனுமதி பெற்றிருந்தாலும் அது அவருடைய மனைக்கு உரியது.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, வீட்டின் முன்புறம் விட வேண்டிய இடைவெளி தெருவின் அகலத்தைப் பொறுத்தும், பக்கவாட்டு இடைவெளி மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தும் மாறும். ஜார்ஜ் டவுன் போன்ற தொடர் கட்டடப் பகுதிகளில் பக்கச் சுவரை எல்லை வரை கொண்டுபோகலாம். தனித்தனி வீடுகளாக அமைந்த தெருக்களில் அது முடியாது. தங்கள் தெருவின் அகலம் வரைபடத்தை விற்றவருக்குத் தெரியாது. தளப்பரப்புக் குறியீட்டைப் பற்றி, அதாவது எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு இருக்கலாம் என்பதைப் பற்றி மட்டும் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சாதாரணக் குடியிருப்புகளுக்கு அது 2 என்பதால், 1,200 சதுர அடி மனையில் 1,700 சதுர அடி அடங்கிவிடும். சிக்கல் வருவது பெரும்பாலும் இடைவெளிகளில்தான்.

ஆகவே முதல் வேலையாக மனையை அளந்து பாருங்கள். கிரயப் பத்திரத்தில் 30 அடி என்றிருக்கும். முன்பக்கம் நாடாவைப் பிடித்தால் 30 அடி சரியாகவே வரும். பின்பக்கம் பிடித்தால் 29 அடி 4 அங்குலம்தான் வரலாம். பழைய மனைப்பிரிவுகளில் இது அரிதன்று. அந்த எட்டு அங்குலம் பக்க இடைவெளியில்தான் குறையும், அதற்காகப் படிக்கட்டையோ குளியலறையையோ நகர்த்த வேண்டி வரும். பத்திரம், பட்டா, நகர நில அளவைப் பதிவேடு ஆகியவற்றில் உள்ள அளவுகளும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போகின்றனவா என்று உரிமம் பெற்ற சர்வேயரைக் கொண்டு சரிபார்த்த பிறகே வரைபடத்தைக் கையில் எடுக்க வேண்டும். வீடு பார்க்கும் திசையும் முக்கியம். வடக்குப் பார்த்த மனைக்கு வரைந்ததைத் தெற்குப் பார்த்த மனைக்குத் திருப்பிப் போட்டால், சமையலறை ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து நிற்கலாம்.

ஆயத்த வரைபடம் என்பதே தவறான யோசனை என்று நான் கருதவில்லை. 1961-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் ஒரே மாதிரியான வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டியது. அவற்றில் பல குடும்பங்கள் தலைமுறைகளாக நிறைவோடு வாழ்ந்திருக்கின்றன. அங்கே வீட்டை வரைந்த வாரியமே தெருவையும் மனையையும் சேர்த்துத் திட்டமிட்டதால் ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தியது. தங்கள் விஷயத்தில் அந்தப் பொருத்தத்தைப் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர்தான் செய்து தர வேண்டும். வாங்கிய வரைபடத்தை அவரிடம் கொடுத்து, மனைக்கு ஏற்பத் திருத்தி, மனையில் வீடு அமையும் இடத்தைக் காட்டும் வரைபடத்தையும் மழைநீர் சேகரிப்பு அமைப்பையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள். கட்டடக் கலைப் படைப்புகளுக்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பொருந்துவதால், திருத்திப் பயன்படுத்த விற்றவர் அனுமதிக்கிறார் என்பதை அவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அதன்பின் தங்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே உறுதி கூறி அனுமதி பெறும் சுயசான்றுத் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. அதில், 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீடுகளுக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். தங்கள் வீடு இந்த வரம்புக்குள் வருகிறது. கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுயசான்றுத் திட்டத்தில் முன்கூட்டியே யாரும் வந்து பார்க்க மாட்டார்கள், கட்டட முடிவுச் சான்றும் கேட்க மாட்டார்கள் என்கிறார்கள். அப்படியானால் கட்டும்போது பின்பக்க இடைவெளியில் ஓர் அறையைக் கூட்டிக்கொள்ளலாமா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: கூடாது. இடைவெளிகளும் அளவுகளும் விதிப்படி இருக்கின்றன என்று உறுதி கூறிக் கையொப்பமிடுபவர் தாங்கள்தான். முன்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டுத் தவறைச் சுட்டிக்காட்டுவார், திருத்திக்கொள்ளலாம். இப்போது அந்தப் பாதுகாப்பு இல்லாததால் பொறுப்பு முழுவதும் தங்கள் மேல் விழுகிறது. அனுமதிக்கு மாறான கட்டுமானத்தை நிறுத்தவும், இடிக்கவும், பூட்டி முத்திரையிடவும் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகள் இடம் தருகின்றன. நாளை வீட்டை விற்கும்போதோ வங்கிக் கடன் கேட்கும்போதோ அனுமதி வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் என் அண்ணன் அனுமதி பெற்றுக் கட்டிய வீட்டின் வரைபடத்தையே மடிப்பாக்கத்தில் பயன்படுத்த நினைக்கிறேன். அஸ்திவாரம், கம்பி அளவு எல்லாம் அதிலேயே இருக்கின்றன. தனியாகப் பொறியாளர் தேவையா?
— வாசகர், மடிப்பாக்கம்

பதில்: கட்டாயம் தேவை. அறைகளின் அமைப்பை அண்ணன் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அஸ்திவாரத்தை எடுக்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி காற்றின் அடிப்படை வேகம் கோயம்புத்தூருக்கு நொடிக்கு 39 மீட்டர், புயலைச் சந்திக்கும் சென்னைக்கு 50 மீட்டர். மண் அதைவிட முக்கியம். சென்னைக்குள்ளேயே திருவான்மியூர் பக்கம் மணலும், பரங்கிமலையைச் சுற்றிப் பாறையும், மேற்கே பல இடங்களில் களிமண்ணும் இருக்கின்றன. களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால், பாறையை எண்ணி வடிவமைத்த சாதாரண அஸ்திவாரம் அதன்மேல் அமர்ந்தால் சுவரில் விரிசல் விழும். அத்தகைய இடங்களில் அடியில் குமிழ் போல் அகன்ற பைல் அஸ்திவாரம் தேவைப்படலாம்.

மடிப்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகே இருக்கும் தாழ்வான பகுதி. 2015 டிசம்பரில் அங்கே வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அண்ணன் வீட்டின் தரைமட்ட உயரம் கோவைத் தெருவுக்கு ஏற்றது. தங்கள் தெருவில் அந்த ஆண்டு நீர் எவ்வளவு ஏறியது என்பதை அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதற்கு மேலே தரைமட்டத்தை வைக்கச் சொல்லுங்கள். மொத்தச் செலவில் மண் பரிசோதனைக்கு ஆவது மிகச் சிறிய பங்கு. அதைக் குறைக்க வேண்டாம்.

கேள்வி: போரூர் அருகே 2014-இல் வாங்கிய மனை அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவில் இருக்கிறது. வரைபடத்துக்கு முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகி, போரூர்

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். மனை வரன்முறை செய்யப்படாமல், அதாவது அங்கீகாரமற்ற மனைக்கு அரசு விதிப்படி அங்கீகாரம் பெறாமல், எந்த வரைபடத்துக்கும் அனுமதி கிடைக்காது. 20-10-2016 அன்றோ அதற்கு முன்போ பதிவான மனைகள் 2017-ஆம் ஆண்டு வரன்முறை விதிகளின் கீழ் வருகின்றன. பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்துக்குச் சென்று, தங்கள் மனைப்பிரிவின் நிலையையும் விண்ணப்பிக்க இப்போது வாய்ப்பு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். வரன்முறை ஆணை கைக்கு வந்த பிறகு வரைபடத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.