நீச்சல் வகுப்பில் ஆசிரியருக்கு என்ன வேலை?

ஏரியிலும் கிணற்றிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த செய்தி இல்லாமல் நம் பக்கத்தில் ஒரு கோடை கழிவதில்லை. அதனாலேயே, பள்ளிகள் நீச்சல் கற்றுக்கொடுக்க முன்வருவதை மனதார வரவேற்கிறேன். வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை கரையில் நிற்பவர்களைப் பற்றியவை.

*வாரம் ஒருநாள் ஐந்தாம் வகுப்பைக் குளத்துக்கு அழைத்துப் போகிறேன். பயிற்றுநர் இருக்கிறார், உயிர்காப்பாளரும் இருக்கிறார். அந்த ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்து நோட்டுத் திருத்தலாமா? — ஆசிரியை, அம்மாபேட்டை*

கூடாது, அம்மா. பயிற்றுநரின் கவனம் அப்போது அவர் கற்றுக்கொடுக்கும் பிள்ளையின் கைகாலில் இருக்கும். உயிர்காப்பாளருக்குக் குளம் முழுவதும் பொறுப்பு. உங்கள் பிள்ளைகளின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. நேற்றுவரை காய்ச்சலில் கிடந்தவள் யார், பந்தயம் கட்டினால் எதற்கும் துணிகிறவன் யார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்திருக்கும். வாய் நீர்மட்டத்தில் திறந்து திறந்து மூடும். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். உடல் செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவது போலவே தெரியும். இந்த நிலையில் 20 முதல் 60 நொடிகள்வரைதான் தாக்குப்பிடிக்க முடியும். நீங்கள் ஒரு கணக்கைத் திருத்தி மதிப்பெண் போடும் நேரம் அவ்வளவுதான்.

ஆகவே விளிம்பில் நில்லுங்கள், கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள், எண்ணிக்கொண்டே இருங்கள். பஸ்ஸில் ஏறும்போது, தண்ணீரில் இறங்கும் முன், கரையேறியதும், உடை மாற்றிய பிறகு, மறுபடி பஸ்ஸில். ஒருமுறை நான் பயிற்சி கொடுத்த 32 பேர் குழுவில் 31 தலைகள்தான் இருந்தன. குளத்தின் அடியைத் துழாவிக்கொண்டிருந்தோம். பையனோ ஈரக் கால்சட்டையின் நாடா முடிச்சு அவிழாமல் கழிப்பறையில் தவித்துக்கொண்டு நின்றான். அந்த ஒரு நிமிடம் இன்றும் என் வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து இருவர் இருவராக ஜோடி சேர்க்காமல் யாரையும் நான் தண்ணீரில் இறக்கியதில்லை. விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். தனியாக ஒரு கை உயர்ந்தால் அடுத்த நொடியே தேட வேண்டும்.

*‘அசம்பாவிதம் நேர்ந்தால் பள்ளி பொறுப்பல்ல’ என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். போதுமா? — தலைமையாசிரியர், ஆத்தூர்*

போதாது. அந்தக் கையெழுத்து பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்று மட்டுமே சொல்கிறது. கவனக்குறைவுக்கு உரிமம் தருவதில்லை. அலட்சியத்தால் உயிர் போனால், நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை உண்டு. பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பை வரையறுத்து மத்தியக் கல்வித் துறை 2021இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. அதே தாளில் பிள்ளையின் நோய், மருந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். அப்போது அது பயனுள்ள தாள்.

*எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் என்னைத்தான் உடன் அனுப்புகிறார்கள். — உடற்கல்வி ஆசிரியர், ஓமலூர்*

தெரியாமல் குதித்துவிடாதீர்கள்; இரண்டு உயிராகப் போகும். தரையில் குப்புறப் படுத்து மூங்கில் கழியை நீட்டுங்கள். எட்டாவிட்டால், கயிறு கட்டிய காலி கேனை வீசுங்கள். இரண்டும் முதல் நாளிலிருந்தே கரையில் தயாராக இருக்க வேண்டும்.

தூக்கிய பிறகு பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் ஏறிவிடும், பொன்னான நேரமும் போய்விடும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று நிறுத்தாமல் தொடருங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். இதை முறைப்படி ஒருநாள் பயின்றுவிடுங்கள். படித்து மட்டும் கைவராது.

*மே மாத மாலை வகுப்பில் இடி இடித்தால்? — ஆசிரியர், சேலம்*

உடனே எல்லோரும் கரையேற வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப இறங்கக் கூடாது.

*ஏற்காட்டில் விடுதிப் பள்ளி. டிசம்பரிலும் வகுப்பை நடத்தலாமா? — விடுதிக் காப்பாளர்*

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். சேலத்துக் கணக்கு அங்கே செல்லாது. தண்ணீர் உடற்சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். ஒல்லியான பிள்ளைகள் முதலில் தளர்வார்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவன் திடீரென நடுக்கம் நின்று மந்தமானாலோ, உடனே வெளியே எடுத்துத் துவட்டி, கம்பளியில் சுற்றுங்கள். மூடுபனி இறங்கி எதிர்க்கரை மங்கினால் அன்றைக்கு வகுப்பே வேண்டாம்.

*என் மகனுக்கு வலிப்புக்கு மருந்து கொடுக்கிறோம். சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்று பள்ளியில் சொல்லவில்லை. — ஒரு தாய், அஸ்தம்பட்டி*

உங்கள் பயம் புரிகிறது, தாயே. ஆனால் தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் சத்தமில்லாமல் மூழ்கிவிடுவான். காரணம் தெரியாதவர் கண்ணில் அது படாமலே போகலாம். வலிப்பு உள்ள பிள்ளைகள் பலர் மருத்துவர் அனுமதியோடு, கையெட்டும் தூரத்தில் விவரம் தெரிந்த ஒரு பெரியவர் இருக்க, நன்றாக நீந்துகிறார்கள். மருத்துவரிடம் கேட்டு, மருந்தின் பெயரையும் கடைசியாக வலிப்பு வந்த தேதியையும் எழுதி, அடுத்த வகுப்புக்கு முன் வகுப்பாசிரியர் கையிலேயே கொடுங்கள். அதுவரை அவனைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.