அரபுப் பெண் விஞ்ஞானிகள்: பட்டம் கிடக்கட்டும், வேலையைப் பார்ப்போம் (கேள்வி பதில்)

அரபு நாடுகளைச் சேர்ந்த பெண் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ‘முதல் அரபுப் பெண்’ என்ற அடைமொழியைச் சொல்லி முடித்துவிட்டால் அவர்கள் உழைத்த உழைப்பு கண்ணில் படாமலே போய்விடும். அதனால் வேலை என்ன, சிக்கல் எங்கே என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, சென்னை): பத்தாம் நூற்றாண்டில் மரியம் என்ற பெண் அஸ்ட்ரோலேப் கருவியை (விண்மீன்களைப் பார்த்து நேரம் கணிக்கும் தட்டு) கண்டுபிடித்தார், ஜி.பி.எஸ்.ஸுக்கே அவர்தான் முன்னோடி என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. மாணவிகளுக்குச் சொல்லலாமா?

பதில்: கொஞ்சம் சொல்லலாம், மிச்சத்தை விட்டுவிடுங்கள். பாக்தாதில் வாழ்ந்த இப்னு அல்-நதீம் பத்தாம் நூற்றாண்டில் தொகுத்த ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ என்ற நூற்பட்டியலில், கருவி செய்வோர் வரிசையில் ‘அல்-இஜ்லியா’ என்ற பெண் வருகிறார். அல்-இஜ்லி என்ற கைவினைஞரின் மகள். அலெப்போவை ஆண்ட சைஃப் அல்-தௌலாவிடம் (944–967) பணியில் இருந்தவர். ஆதாரம் இவ்வளவுதான். மரியம் என்ற பெயர் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் கையால் செய்த கருவி ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அஸ்ட்ரோலேபோ அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது.

ஆனால் அந்தத் தொழிலே பெரிய கணக்கு வேலை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பித்தளைத் தட்டுக்குள் ஒவ்வொரு அட்சரேகைக்கும் தனித்தனித் தகடு செதுக்க வேண்டும். அலெப்போவுக்கு (சுமார் 36 டிகிரி) வெட்டிய தகட்டை மக்காவில் (சுமார் 21½ டிகிரி) வைத்துப் பார்த்தால் நேரம் தப்பாகக் காட்டும். மேலே சுழலும் வலைத்தகட்டின் முனைகள் விண்மீன்களைக் குறிப்பவை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் அவற்றின் இடம் நகரும். ஆகவே பழைய கருவியை அப்படியே பார்த்துப் பிரதி எடுப்பவர், பழைய பிழையையும் சேர்த்தே செதுக்குவார்.

கேள்வி (மின்னணுவியல் மாணவர், கோவை): சிரியாவில் பிறந்த டினா கதாபி, சுவருக்கு அப்பால் இருப்பவரின் மூச்சை வைஃபை போன்ற அலையால் எண்ணுகிறாராமே? நிஜமாகவே முடியுமா மேடம்?

பதில்: முடியும். டமாஸ்கஸ் பல்கலைக்கழகத்தில் 1995-ல் இளநிலைப் பட்டமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2003-ல் முனைவர் பட்டமும் பெற்றவர் கதாபி, இப்போது எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியர். அவருடைய குழு உருவாக்கிய ‘வைட்ராக்’ கருவியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கருவி வெளியிடும் திறன் 0.75 மில்லிவாட் மட்டுமே. அலைவெண் 5.56 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 7.25 வரை, 2.5 மில்லி விநாடியில் சீராக ஏறும். ஆள்மேல் பட்டுத் திரும்பும் அலை சற்றே தாமதமாக வரும். அதற்குள் வெளியே போகும் அலையின் அலைவெண் மேலே போயிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்துதான் தூரம் கிடைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆள் 5 மீட்டரில் இருந்தால் போய்வரும் தூரம் 10 மீட்டர், நேரம் சுமார் 33 நானோ விநாடி, அலைவெண் வித்தியாசம் சுமார் 22 கிலோஹெர்ட்ஸ். நானோ விநாடியை நேரடியாக அளக்கக் கடிகாரம் தேடி அலைய வேண்டாம். ஒலி அட்டை அளவுக்கான எளிய மின்சுற்றே 22 கிலோஹெர்ட்ஸை அளந்துவிடும். இந்த முறையின் அழகே அதுதான்.

பிரித்தறியும் திறன் அலைப்பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. ஒளியின் வேகத்தை அகலத்தின் இருமடங்கால் வகுத்தால் சுமார் 9 செ.மீ. வரும். ஓர் அனுப்பும் ஆன்டெனாவும் மூன்று வாங்கும் ஆன்டெனாக்களும் ‘T’ வடிவில் நிற்பதால், மூன்று தூரங்களிலிருந்து ஆளின் இடம் முப்பரிமாணத்தில் கிடைக்கிறது.

எங்கே கெடும்? முதலாவது, சுவரும் மேசையும் திருப்பியனுப்பும் அலை, மனிதனிடமிருந்து வருவதைவிட மிகப் பலமானது. அதனால் அடுத்தடுத்த இரண்டு பதிவுகளைக் கழிக்கிறார்கள். அசையாத பொருள் எல்லாம் காணாமல் போகும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதனும் கூடவே காணாமல் போவான்! இரண்டாவது, அலை நேராகவும் வரும், பக்கச் சுவரில் மோதிச் சுற்றியும் வரும். சுற்றி வருவது எப்போதும் பிந்தித்தான் வரும் என்பதால் முதலில் வருவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். உலோகச் சுவர் என்றால் அலை நுழையவே நுழையாது.

அசையாமல் இருப்பவருக்குத்தான் மூச்சு உதவுகிறது. அலைநீளம் சுமார் 4.7 செ.மீ. மார்பு 5 மி.மீ. முன்னால் வந்தால், போய்வரும் பாதை 10 மி.மீ. குறையும், அலையின் கட்டம் (ஏறி இறங்கும் சுழற்சியில் அது இருக்கும் நிலை) 75 டிகிரிக்கு மேல் மாறும். அது தெளிவாகத் தெரியும். இதயத்துடிப்பால் உடல் அசைவது மில்லிமீட்டரில் சிறு பங்குதான், கட்டம் சில டிகிரி மட்டுமே மாறும். கையை ஆட்டினால் அந்த அளவீடு முழுவதும் மூழ்கிவிடும். தூக்கத்தில் அளப்பது சுலபமாக இருப்பது அதனால்தான்.

கேள்வி (அதே மாணவர்): அப்படியானால் பார்கின்சன் நோயையும் மூச்சை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: கதாபியின் குழு 2022-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அதுதான், 7,671 பேரின் தரவில் சோதித்தது. இரவு முழுவதும் பதிவான மூச்சிலிருந்து நோயாளியைப் பிரித்தறியும் திறன், 1 என்றால் முழுமை என்ற அளவுகோலில், 0.90. கணினி மாதிரி முன்பு பார்த்தே இராத வெளித் தரவில் 0.85. இந்த இறக்கத்தைக் கவனிக்க வேண்டும். வேறொரு மருத்துவமனை, வேறு கருவி என்றாலே மதிப்பு சரியும். சந்தேகத்துக்குரியவர்களைப் பொறுக்கி எடுக்கவும், மருந்து கேட்கிறதா என்று வீட்டிலிருந்தே பின்தொடரவும் உதவும். நரம்பியல் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று ஆகாது.

கேள்வி (மருத்துவ மாணவி, யாழ்ப்பாணம்): ரெட் (Rett) என்ற நரம்பு வளர்ச்சி நோய்க்கு ஒரே மரபணுதான் காரணம் என்று ஹுதா ஸோக்பி கண்டுபிடித்தார் என்று படித்தேன். அப்படியென்றால் அந்த மரபணுவை உள்ளே செலுத்திவிட்டால் போதாதா அக்கா?

பதில்: நல்ல கேள்வி. இதற்கு ‘போதாது’ என்று காட்டியதிலும் ஸோக்பிக்குப் பெரும் பங்கு உண்டு. பெய்ரூட்டில் 1954-ல் பிறந்தவர். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்த பிறகு உள்நாட்டுப் போர் வெடித்ததால் அமெரிக்காவில் படிப்பை முடித்தார். 1980-களில் ஹூஸ்டனில் ரெட் நோயுள்ள சிறுமிகளைப் பார்த்ததிலிருந்து இந்தக் கேள்வியை அவர் விடவில்லை. குழந்தை பிறந்து ஆறிலிருந்து பதினெட்டு மாதம் வரை இயல்பாக வளரும்; பிறகு கற்ற சொற்களை இழக்கும், கைகளை ஓயாமல் பிசையும்.

தேடல் ஏன் அவ்வளவு காலம் இழுத்தது? வழக்கமாக நோய் ஓடும் பெரிய குடும்பங்களை வைத்துத்தான் மரபணுவின் இடத்தைக் குறுக்குவார்கள். ரெட் நோயில் ஏறத்தாழ எல்லாமே புதிதாக நேர்ந்த பிறழ்வுகள். அதனால் குடும்பங்கள் கிடைப்பது அபூர்வம். கிடைத்த சிலவற்றை வைத்து எக்ஸ் குரோமோசோமின் நுனிப்பகுதி வரை வந்து, அங்குள்ள மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, 1999-ல் ‘மெக்பி2’ என்று உறுதி செய்தார்கள். சுமார் பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் நோய்.

இனி உங்கள் கேள்வி. மெக்பி2 புரதம் குறைந்தால் ரெட் நோய். அதே புரதம் இருமடங்கானாலும் கடுமையான நோய்தான்; அது பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்குகிறது. மிகுதியும் கெடுதி என்பதை எலிகளில் காட்டியது ஸோக்பியின் ஆய்வகம். இன்னொரு சிக்கலையும் பாருங்கள். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்திருக்கும். எனவே நோயாளியின் மூளையில் நல்ல செல்லும் பழுதான செல்லும் கலந்தே இருக்கின்றன. வைரஸில் ஏற்றி மரபணுவை அனுப்பினால் ஒரு செல்லுக்கு ஒரு பிரதியும் போகாது, இன்னொன்றுக்கு நாலைந்து போகும். ஏற்கெனவே நன்றாக இருந்த செல்லில் அளவு மீறும். ஆகவே இன்றைய மரபணுச் சிகிச்சை முயற்சிகளில் பாதி உழைப்பு, அளவு மீறும்போது தானே அடங்கும் ஏற்பாட்டைச் சேர்ப்பதில்தான் போகிறது. நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு: பிரிட்டன் மரபியலர் ஏட்ரியன் பேர்டின் குழு 2007-ல், நோய் முற்றிய எலிகளில் மரபணுவை மீண்டும் இயக்கியபோது அறிகுறிகள் பெருமளவு பின்வாங்கின. செல்கள் செத்துப்போகவில்லை, செயலிழந்துதான் கிடந்தன.

கேள்வி (வாசகர், மதுரை): அமீரகத்தின் ‘அல்-அமல்’ செவ்வாய்க் கலம் அமெரிக்கா செய்து கொடுத்தது, அமீரகம் பெயர் போட்டுக்கொண்டது என்கிறார்களே?

பதில்: கூட்டு வேலை என்பதை அமீரகமே மறைக்கவில்லை. கலம் பூட்டப்பட்டது கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில். ஏவியது ஜப்பானின் எச்-2ஏ ராக்கெட், 2020 ஜூலையில். துபாய் முகமது பின் ராஷித் விண்வெளி மையப் பொறியாளர்கள் அந்த ஆய்வகத்தாரோடு உட்கார்ந்து வடிவமைத்துக் கற்றார்கள். ஷார்ஜாவில் கணினிப் பொறியியல் படித்த சாரா அல்-அமீரி இந்தத் திட்டத்தின் அறிவியல் தலைமையில் இருந்தார். அறிவியல் குழுவில் சுமார் 80 சதவீதம் பெண்கள். மொத்தத் திட்டத்தில் சுமார் 34 சதவீதம். முதல் எண்ணை மட்டும் சொல்பவர்கள் இரண்டாவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2021 பிப்ரவரி 9 அன்று நடந்த சுற்றுப்பாதை நுழைவுதான் கத்திமேல் நடந்த வேலை. 120 நியூட்டன் உந்துவிசை உள்ள ஆறு இன்ஜின்கள் சுமார் 27 நிமிடம் எரிந்தன. சமிக்ஞை வர 11 நிமிடம், திருத்தம் போக இன்னொரு 11. பூமியிலிருந்து தலையிட வழியில்லை. கலம் தானே முடிவெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வேகம் மணிக்கு 1,21,000 கி.மீ.யிலிருந்து 18,000-க்குக் குறைந்ததாகச் செய்திகள் எழுதின. அது பொருந்தாது. சுமார் 1,350 கிலோ எடையுள்ள கலத்தை 720 நியூட்டன் விசை 27 நிமிடம் தள்ளினால் குறைவது விநாடிக்கு ஏறத்தாழ 1 கி.மீ., அதாவது மணிக்கு 3,600 தான். ஒரு வேகம் சூரியனை வைத்து அளந்தது, மற்றது செவ்வாயை வைத்து அளந்தது. இரண்டையும் கழித்துப் போட்டுவிட்டார்கள்.

கேள்வி (உயிரியல் ஆசிரியர், திருநெல்வேலி): எகிப்தின் ரஷீகா அல்-ரிதி எதற்காகப் பரிசு பெற்றார்?

பதில்: பில்ஹார்சியா என்னும் நத்தைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி தேடும் ஆய்வுக்காக, 2010-ல் பெண் விஞ்ஞானிகளுக்கான லோரியால்–யுனெஸ்கோ பரிசு. கெய்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர். நத்தையிலிருந்து வாய்க்கால் நீருக்கு வரும் இளம் புழு மனிதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். பிராசிக்வான்டெல் மருந்து (உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.கி.) வளர்ந்த புழுவைக் கொல்லும், இளம் புழு பெரும்பாலும் தப்பிவிடும். மறுநாள் அதே வாய்க்காலில் இறங்கினால் மறுபடியும் தொற்றும். அதனால்தான் தடுப்பூசி தேவை. நுரையீரலைக் கடக்கும் புழு, தன் மேற்பரப்பிலுள்ள அடையாளப் புரதங்களைக் கொழுப்புப் படலத்துக்குள் மறைத்துக்கொள்கிறது. அந்தப் படலத்தைக் குலைத்துப் புழுவை நோயெதிர்ப்புக்குக் காட்டிக்கொடுப்பது எப்படி என்பதே அல்-ரிதி நெடுங்காலம் துருவிய கேள்வி.

கேள்வி (வேதிப் பொறியாளர், எண்ணூர்): குவைத்தின் ஃபாயிஸா அல்-கராஃபி?

பதில்: மின்வேதியியல், குறிப்பாக உலோக அரிப்பு. கடல்நீரைக் குடிநீராக்கியும் எண்ணெய் எடுத்தும் வாழும் நாட்டில் குளோரைடு அயனி உலோகத்தில் குழி பறிப்பதுதான் அன்றாட எதிரி. வளைகுடாப் போருக்குப் பிறகு, 1993 முதல் 2002 வரை குவைத் பல்கலைக்கழகத்தின் தலைவர். 2011-ல் லோரியால்–யுனெஸ்கோ பரிசு.

கேள்வி (ஆய்வு மாணவி, திருச்சி): அரபு நாடுகளில் பெண்கள் பொறியியல் படிப்பதே அரிது அல்லவா?

பதில்: இல்லை. 2021 யுனெஸ்கோ அறிவியல் அறிக்கைப்படி பொறியியல் பட்டதாரிகளில் பெண்கள் அல்ஜீரியாவில் 48.5 சதவீதம், துனிசியாவில் 44.2; உலகச் சராசரி 28. முட்டுக்கட்டை வருவது பட்டத்துக்குப் பிறகு. அந்த வட்டாரத்தில் வேலைச் சந்தையில் இருக்கும் பெண்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான். கதவு எங்கே மூடுகிறது என்று தெரியாமல் பெண்களுக்கு ‘ஆர்வம் ஊட்டும்’ திட்டங்களில் பணம் கொட்டுவது வீண் என்பது என் கருத்து.

கேள்வி (ரியாத்தில் பணிபுரியும் தந்தை): மகள் எம்.எஸ்ஸி. வேதியியல் முடிக்கப் போகிறாள். சவூதியிலேயே ஆராய்ச்சி செய்ய முடியுமா?

பதில்: ஜெட்டாவுக்கு வடக்கே துவல் என்ற ஊரில் 2009-ல் தொடங்கிய மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் இடம். முதுநிலையும் முனைவர் பட்டமும் மட்டுமே உண்டு. முனைவர் படிப்புக்குத் தேர்வானால் கல்விக் கட்டணம் இல்லை. உதவித்தொகையும் தங்குமிடமும் கிடைக்கும். லெபனான் வேதியியலர் நிவீன் கஷாபின் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. தூண்டல் கிடைக்கும்போது மட்டும் மருந்தை விடுவிக்கும் நுண்துகள்கள் அவர் துறை. விண்ணப்பத்துக்கு முன் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது வழக்கம். எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில் வராது. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எந்தச் சோதனையைத் தான் செய்யத் தெரிந்தவர், எந்தக் கருவியை இயக்கியிருக்கிறார் என்று பத்து வரிக்குள் மகள் எழுதட்டும். மதிப்பெண் பட்டியலையும் எம்.எஸ்ஸி. ஆய்வேட்டின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் அதே மின்னஞ்சலில் இணைத்துவிடுங்கள்.