மனை மண் மழையில் வடிகாலுக்குப் போகிறது, வேலியை உயர்த்தினால் நிற்குமா?

கேள்வி: சரிவான மனையில் வீடு கட்டுகிறோம். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண் மேட்டுப் பக்கம் குவிந்து கிடக்கிறது. போன மழையில் சேறு தெரு வடிகால் வரை போய்விட்டது. பள்ளத்துப் பக்கம் துணி வேலி கட்டினோம், அடுத்த மழையில் அதுவும் சாய்ந்துவிட்டது. இன்னும் உயரமாகப் போட்டால் போதுமா?

பதில்: போதாது. உயரமாகப் போட்டால் பின்னால் இன்னும் அதிகமாகத் தண்ணீர் தேங்கும், சாயும்போது மொத்தமாகச் சாயும்.

அடுத்த மழையில் மனையிலிருந்து ஓடும் கலங்கல் நீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். மணல் உங்கள் கண் முன்னாலேயே அடியில் இறங்கிவிடும், வண்டல் இறங்க மணிக்கணக்காகும், அதற்குப் பிறகும் தண்ணீர் மங்கலாகவே நிற்கிறது பாருங்கள், அது களிமண். 0.002 மில்லிமீட்டர் அளவுள்ள களிமண் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கவே ஏறக்குறைய 3 நாள் ஆகும். துணியின் கண்கள் அதைவிடப் பெரியவை. வேலியால் முடிந்ததெல்லாம் தண்ணீரைக் கொஞ்ச நேரம் தேக்கி கனமான மண்ணை இறங்க வைப்பதுதான். கலங்கல் அப்படியே வடிகால் வழியாக ஏரிக்கோ ஆற்றுக்கோ போய், நீருக்குள் வெளிச்சத்தை மறைத்து, மீன்களின் செவுளிலும் முட்டையிடும் இடத்திலும் படியும். ஆகவே மண் கிளம்பாமல் பார்ப்பதில்தான் உங்கள் பணமும் உழைப்பும் முதலில் போக வேண்டும்.

மழை விட்டதும் வெறும் மண்ணில் குனிந்து பாருங்கள். சிறு கற்களுக்கு அடியில் மட்டும் விரல் கனத்துக்கு மண் தூண் மாதிரி நிற்கும், சுற்றிலும் கரைந்து போயிருக்கும். பெரிய மழைத்துளி வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து மண்ணைச் சிதறடிக்கிறது, அந்த அடியைக் கல் வாங்கிக்கொண்டதால் கீழிருந்த மண் பிழைத்தது. நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். வேலை நடக்காத இடத்தில் சதுர மீட்டருக்கு அரை கிலோ கணக்கில், மண் வெளியே தெரியாதபடி வைக்கோல் பரப்புங்கள், சரிவில் நழுவாமலிருக்க மேலே கயிற்று வலை போட்டு முளையடியுங்கள். குவியல் மேல் தார்ப்பாய் போட்டு விளிம்பில் கனம் வையுங்கள். இன்னும் வெட்டாத புல் இருந்தால், குறிப்பாகப் பள்ளத்து ஓரத்தில், தயவுசெய்து கை வைக்காதீர்கள். எந்த வேலியும் அதற்கு ஈடாகாது.

அப்புறம் மேலிருந்து வரும் தண்ணீர். அது பெரும்பாலும் சுத்தமாகத்தான் வருகிறது, உங்கள் மனைக்குள் ஓடித்தான் சேறாகிறது. மேட்டு ஓரத்தில் ஒரு வரப்பும் அதை ஒட்டி லேசான சாய்வில் ஒரு வாய்க்காலும் எடுத்து, பக்கவாட்டில் திருப்பி விடுங்கள். அது வெளியேறும் இடத்தில் கல் பரப்பாவிட்டால் அங்கே புதுப் பள்ளம் விழும். பக்கத்து மனைக்குள் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேலிக்கு வருவோம். சாய்ந்த வேலிகளில் நான் முதலில் பார்ப்பது துணியின் அடியைத்தான், பெரும்பாலும் அது மண்ணுக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் காடி வெட்டி, துணியின் அடியை அதில் மடித்துப் போட்டு, மண் தள்ளித் திமிசு போட்டு இடிக்க வேண்டும். கம்புகள் 2 மீட்டருக்குள், துணிக்குப் பள்ளத்துப் பக்கமாக. வேலி ஒரே மட்டத்தில் ஓட வேண்டும், இரண்டு முனையையும் மேட்டை நோக்கி வளைத்து விடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஓரமாகச் சுற்றிப் போய்விடும். தண்ணீர் ஒரே ஓடையாகத் திரண்டு வரும் இடத்தில் மட்டும் துணி வேண்டாம், அங்கே நடுப்பகுதி தாழ்வாக இருக்கும்படி கற்களை அடுக்கிச் சிறு தடுப்பு கட்டுங்கள்.

அஸ்திவாரக் குழியில் தேங்கும் நீரை அப்படியே வடிகாலுக்கு மோட்டார் வைத்து இறைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன், மனசு ஆறுவதில்லை. உறிஞ்சும் குழாயின் முனையை ஒரு காலி கேனில் கட்டி, மேல்நீரை மட்டும் எடுக்கும்படி மிதக்க விடுங்கள், வரும் நீரைப் புல்தரையில் பரவ விடுங்கள்.

கான்கிரீட் மிக்சர் கழுவிய நீரில் சேற்றைவிடக் கூடுதல் கவனம் வேண்டும், அது கடுமையான காரம், பிஹெச் அளவு 12 வரை போகும், மீனுக்கும் ஆகாது, உங்கள் தோலுக்கும் ஆகாது. பிளாஸ்டிக் விரித்த குழியில் மட்டும் கழுவி, இறுகிய பிறகு உடைத்து அள்ளுங்கள். லாரி வெளியேறும் வழியில் பருமனான ஜல்லியை 15 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் டயர் மண் தெருவுக்கு வருவது வெகுவாகக் குறையும்.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். வேலி உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மண் சேர்ந்ததும் வாரிக் குவியலில் போட்டு மூடுங்கள். வீட்டு வேலை முடிந்தவுடன் வேலியைப் பிடுங்கிவிடாதீர்கள், வெறும் மண்ணில் புல் பிடிக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.